சான்றிதழ் இருக்கட்டும், எல்லைக்கோட்டை யார் போட்டார்கள்?

'இன்ன பொருளுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது' என்று ஒரு செய்தி வந்தால் போதும், அரை மணி நேரத்துக்குள் என் வாட்ஸ்ஆப்பில் வாழ்த்துகள் வரிசைகட்டும். ஏதோ நானே விதைத்து நானே அறுத்த மாதிரி. ஓர் ஊர்ப் பொருளின் பெயரைப் பிறர் போட்டு விற்காமல் காக்கும் அந்தக் குறியீட்டுக்கான விண்ணப்பக் கோப்புகளை உற்பத்தியாளர் சங்கங்களுக்குத் தயார் செய்து கொடுப்பது என் வேலை என்பதால் வருகிற மரியாதை அது. நான் வக்கீல் கிடையாது. ஒரு சின்னத் தொண்டு நிறுவனத்துக்குக் கணக்கு எழுத வந்து, 'உனக்குத்தான் பொறுமை ஜாஸ்தி' என்று இந்த மேசையில் உட்காரவைக்கப்பட்டவள். வாழ்த்து அனுப்பியவர்களுக்கு நன்றி சொல்லிவிட்டு ஒரு கேள்வி கேட்பேன்: அந்த விண்ணப்பத்தில் எல்லையை எங்கே போட்டிருக்கிறார்கள், பார்த்தீர்களா? இதுவரை ஒருவரும் பார்த்திருக்கவில்லை.

செய்தியில் வருவது ஒரு பக்கச் சான்றிதழ். அதற்குப் பின்னால் தடிமனாக ஒரு கோப்பு இருக்கும். பணம் எந்தப் பக்கம் ஓடும் என்பதைத் தீர்மானிப்பது அந்தக் கோப்புதான். அதை எழுதியபோது அறைக்குள் யார் யார் உட்கார்ந்திருந்தார்கள் என்று தெரிந்தால், பத்து வருஷம் கழித்து யார் வீட்டு ஓட்டுக்கூரை காங்கிரீட் ஆகும் என்பதை ஓரளவுக்குச் சொல்லிவிடலாம். வளரும் நாடுகள் பலவற்றின் கோப்புகளைப் படித்துப் படித்து எனக்கு வந்த எண்ணம் இது. ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பதை இங்கே எழுதி வைக்கிறேன்.

சட்டத்தை முதலில் சுருக்கமாக முடித்துவிடலாம். உலக வர்த்தக அமைப்போடு சேர்ந்து 1995 ஜனவரி 1 அன்று நடைமுறைக்கு வந்தது அறிவுசார் சொத்துரிமைக்கான டிரிப்ஸ் ஒப்பந்தம். அதன் 22-ஆம் பிரிவு சொல்வது இதுதான்: ஒரு பொருளின் தரமோ, நற்பெயரோ, வேறு தன்மையோ முக்கியமாக அது பிறந்த இடத்தால் வந்தது என்றால், அந்த இடத்தின் பெயரைப் பிறர் மக்களைக் குழப்பும் விதத்தில் போட்டு விற்கக்கூடாது. டிரேட்மார்க் ஒரு நிறுவனத்தின் சொத்து. விற்கலாம், உரிமம் கொடுத்துச் சம்பாதிக்கலாம். புவிசார் குறியீட்டை அப்படிச் செய்ய வழியில்லை. இந்தியச் சட்டத்தின் 24-ஆம் பிரிவின்படி இதை யாருக்கும் எழுதிக் கொடுக்கவோ அடமானம் வைக்கவோ முடியாது. அந்தப் பெயரைப் போடப் பதிவு செய்துகொண்ட 'அங்கீகரிக்கப்பட்ட பயன்பாட்டாளர்' இறந்துபோனால் அவர் உரிமை வாரிசுக்குப் போகும், அவ்வளவுதான்.

இந்த ஒப்பந்தத்திலேயே ஒரு ஓரவஞ்சனை இருக்கிறது. திராட்சை மதுவுக்கும் மற்ற மதுபானங்களுக்கும் 23-ஆம் பிரிவு தனிக் காப்பு தருகிறது. 'அந்த ஊர் பாணியில் தயாரித்தது' என்று நேர்மையாக லேபிளில் எழுதினால்கூடத் தப்பு. அரிசி, தேயிலை, மிளகு, கம்பளம், சேலைக்கெல்லாம் அந்தச் சலுகை இல்லை. வாங்குகிறவர் ஏமாறினார் என்றோ, முறையற்ற போட்டி நடந்தது என்றோ நாம்தான் நிரூபிக்க வேண்டும். நிரூபிக்க வெளிநாட்டு வக்கீல் வேண்டும். அவருக்குக் கொடுக்கப் பணம் வேண்டும். ஷாம்பெயினுக்கு ஒரு நியாயம், தேயிலைக்கு ஒரு நியாயம் என்று இந்தியா உட்படப் பல நாடுகள் ஜெனீவாவில் கரடியாய்க் கத்தியும் அந்தப் பேச்சு நகரவே இல்லை.

டிரிப்ஸ் ஒப்பந்தத்தின் இன்னொரு பிரிவும் முக்கியம், 24-இன் 9. சொந்த நாட்டில் பாதுகாப்பு இல்லாத பெயரை வேறு நாடு பாதுகாக்க வேண்டிய கட்டாயம் இல்லை என்கிறது. இது எவ்வளவு ஆபத்தானது என்பது 1997-இல் புரிந்தது. அந்த ஆண்டு செப்டம்பரில் டெக்சாஸைச் சேர்ந்த ரைஸ்டெக் நிறுவனத்துக்கு பாஸ்மதி வகைகளுக்கும் மணிகளுக்கும் அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. இந்தியா எதிர்த்தது, 2001-க்குள் பெரும்பாலான கோரிக்கைகள் விழுந்தன, காப்புரிமையின் தலைப்பிலிருந்த பாஸ்மதியும் போனது. ஆனால் அந்தச் சண்டை நடந்தபோது 'உங்கள் நாட்டிலேயே இந்தப் பெயருக்குச் சட்டம் இல்லையே' என்று எவனும் கேட்கலாம் என்ற நிலை. 1999-இல் சட்டம் நிறைவேறியது, 2003 செப்டம்பர் 15 அன்று அமலுக்கு வந்தது. பதிவகம் சென்னையில். முதல் பதிவு டார்ஜிலிங் தேயிலை.

சரி, கோப்புக்கு வருவோம்.

கோப்பில் நான்கு விஷயங்கள் இருந்தாக வேண்டும். எந்த எல்லைக்குள் விளைகிறது, எப்படிச் செய்கிறார்கள், இந்த மண்ணுக்கும் அந்தக் குணத்துக்கும் என்ன தொடர்பு, இதையெல்லாம் யார் சோதிப்பார்கள். மூன்றாவதைத்தான் எல்லோரும் விரும்பி எழுதுவார்கள். ராஜா பரிசாகக் கொடுத்தார், வெள்ளைக்காரன் கெஜட்டில் எழுதினான், ஆற்றுத் தண்ணீரின் உப்புத்தன்மை என்று பக்கம் பக்கமாகப் போகும். எனக்கும் அது பிடித்த வேலைதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் சண்டை முதலாவதில் வரும், துரோகம் நான்காவதில் நடக்கும்.

எல்லைச் சண்டை ஒன்றைச் சொல்கிறேன். எந்தப் பொருள், எந்த மாவட்டம் என்று கேட்காதீர்கள். கோப்பு இன்னும் நிலுவையில் இருக்கிறது. ஒரு பள்ளிக்கூட ஹாலில் கூட்டம். மேசைமேல் பெரிய வரைபடத்தை விரித்து, நான்கு மூலையிலும் தண்ணீர் பாட்டிலை வைத்திருந்தோம். வேளாண்மைத் துறையிலிருந்து வந்த இளைஞர் சிவப்பு ஸ்கெட்ச் பேனாவால் ஒரு கோடு இழுத்தார். கோடு கால்வாயை ஒட்டியே போனது. வரைபடத்தில் கால்வாய் தெளிவாகத் தெரிகிறது, இழுக்க வசதி, அவ்வளவுதான் காரணம். பின் வரிசையில் இருந்த பெரியவர் ஒருவர் எழுந்து வந்து கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார்.

"ஏம்மா, என் காட்டுல பாதி இந்தாண்ட, பாதி அந்தாண்ட. ஒரே விதை, ஒரே எரு. கோட்டுக்கு அந்தாண்ட விளையுறதுக்கு என்ன பேர் வைக்கிறது?"

இளைஞர், "அய்யா, மண் பரிசோதனை பண்ணித்தான்..." என்று ஆரம்பித்தார். பண்ணவில்லை என்பது எனக்குத் தெரியும். பெரியவருக்கும் தெரியும். "கால்வாய் வெட்டுனது எங்க தாத்தா காலத்துல தம்பி. பயிர் அதுக்கு முன்னாடியே இருக்கு" என்றார். கூட்டத்தில் சிரிப்பு. அதே நேரம், முன்வரிசையில் இருந்த இரண்டு மொத்த வியாபாரிகள் வரைபடத்தின் மேற்குப் பக்கம் எல்லை நீண்டிருப்பதைப் பற்றி வாயே திறக்கவில்லை. அங்கே அவர்கள் குத்தகைக்கு எடுத்த நிலம் இருந்தது. மண் அறிக்கை வரும்வரை கோடு கிடையாது என்று எழுதி, எல்லோரிடமும் கையெழுத்து வாங்கிக்கொண்டு வந்தோம். வியாபாரிகள் கையெழுத்துப் போடும்போது பேனா ஏனோ நன்றாக எழுதவில்லை.

மெக்சிகோவின் டெகீலா என்ற மதுவின் எல்லையைப் படித்தபோது அந்தக் கால்வாய்க் கோடுதான் ஞாபகம் வந்தது. 1974-இல் டெகீலாவின் தோற்றப் பெயர் (புவிசார் குறியீட்டிலேயே கறாரான வகை) பதிவானது. ஹலிஸ்கோ மாநிலம் முழுக்கவும், வேறு மாநிலங்களின் சில நகராட்சிகளும் எல்லைக்குள். பிறகு 1977-இல் தமாவுலிபாஸைச் சேர்த்தார்கள். வரைபடத்தைத் திறந்து பாருங்கள், அது நாட்டின் மறு பக்கத்தில், வளைகுடாக் கரை மாநிலம். அங்கே ஒரு நிறுவனம் நீல ஆனைக்கற்றாழை பயிரிட்டு ஆலையும் வைத்திருந்தது, அதனால் மண்ணின் மகிமை அங்கே வரைக்கும் பரவிவிட்டது.

எல்லையைவிட மோசம் செய்முறை. புளிக்கவைக்கும் சர்க்கரையில் 51 விழுக்காடு கற்றாழையிலிருந்து வந்தால் போதும், மிச்சம் கரும்பு போன்றவற்றிலிருந்து வரலாம். அந்தப் பயிர் முற்ற ஆறு முதல் எட்டு வருஷம் ஆகும். விலை ஏறும்போது எல்லோரும் நடுவார்கள். முற்றும்போது விலை விழுந்திருக்கும். 1990-களின் கடைசியில் தட்டுப்பாடு வந்தது, விலை பிய்த்துக்கொண்டு போனது. அடுத்த சில ஆண்டுகளில் குவிந்து போய், வெட்டுக்கூலி கட்டாமல் வயலிலேயே அழுகவிட்டார்கள். அடிபட்ட ஆலைகள் அடுத்த முறை நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துத் தாங்களே நட்டுக்கொண்டன, சிறு விவசாயியை நம்புவதை விட்டுவிட்டன. ஒழுங்குமுறை மன்றம் ஒவ்வொரு பாட்டிலையும் கறாராகச் சோதிக்கிறது. குடிக்கிறவருக்கு நிச்சயம் உண்டு, பயிரிட்டவருக்கு ஒன்றும் எழுதிவைக்கவில்லை. பெரிய பெயர்கள் பலவும் இன்று வெளிநாட்டு நிறுவனங்கள் கையில். இத்தனைக்கும் வளரும் நாடுகளிலேயே மிகப் பழைய, மிகக் 'கட்டுக்கோப்பான' குறியீடுகளில் இது ஒன்று.

பாஸ்மதி எல்லை வேறு மாதிரித் தலைவலி. 2016-இல் பதிவானபோது சில வட மாநிலங்கள் உள்ளே, மத்தியப் பிரதேசம் வெளியே. 'நாங்களும் விளைவிக்கிறோம்' என்று அந்த மாநிலம் வழக்குமேல் வழக்குப் போட்டது. 2018-இல் இந்தியா ஐரோப்பிய ஒன்றியத்தில் விண்ணப்பித்தது. 2020-இல் பாகிஸ்தான் ஆட்சேபம் தெரிவித்தது. ஒரே சமவெளி, ஒரே நெல், நடுவில் 1947. சட்டப் புத்தகம் எழுதியவர்கள் இதையெல்லாம் யோசிக்கவில்லை என்று சொல்லமாட்டேன். யோசித்து, 'நீங்களே பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்' என்று விட்டுவிட்டார்கள்.

நன்றாக நடந்த கதையும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் நான் குறை சொல்லியே பிழைக்கிறேன் என்பார்கள். கம்போடியாவின் காம்போட் மிளகு. பிரெஞ்சுக்காரர் காலத்தில் பேர்போனது, கெமர் ரூஜ் ஆட்சியில் தோட்டங்கள் அழிந்தன. பிறகு திரும்பி வந்த குடும்பங்கள் மிஞ்சிய கொடிகளிலிருந்து மறுபடி ஆரம்பித்தன. 2010-இல் நாட்டுக்குள் பதிவு, 2016-இல் ஐரோப்பிய ஒன்றியத்தில் பதிவு. காம்போட், கெப் என்ற இரண்டு மாகாணங்களுக்குள் மட்டும் எல்லை. இங்கே நான் கவனிப்பது பதிவுத் தேதியை அல்ல, அதற்கு முந்தைய வருஷங்களை. பிரெஞ்சு அரசின் வளர்ச்சி முகமை பணம் போட, தொண்டு நிறுவனங்கள் விவசாயிகளோடு உட்கார்ந்து விதிமுறைகளை எழுதின. முதலில் சங்கம் உருவானது, சான்றிதழ் அப்புறம் வந்தது. யார் உறுப்பினர், எவ்வளவு விளைகிறது, யாருக்கு விற்றது என்ற கணக்குச் சங்கத்தின் கையில். விலையைப் பற்றிச் சங்கம் கூடிப் பேசுகிறது. சிவப்பு மிளகும் வெள்ளை மிளகும் கையாலேயே ஒவ்வொரு மணியாகப் பொறுக்கப்படுகின்றன. ஒடிந்தது, சுருங்கியது தனியே போகும். அந்த வேலைக்கு ஆள் வேண்டும், அந்தக் கூலியைத் தாங்குகிற விலை வேண்டும். மொத்த விளைச்சலும் மிகக் குறைவு என்பதால் சமாளிக்க முடிகிறது.

சின்னதாக இருப்பது ஒரு வசதி. அந்த வசதி இல்லாத எத்தியோப்பியா என்ன செய்தது என்பது இந்தத் துறையில் எனக்கு மிகப் பிடித்த கதை. யிர்காசெஃபே, ஹரார், சிடாமோ எல்லாம் உலகம் அறிந்த காபிப் பெயர்கள். எல்லோரும் புவிசார் குறியீடு வாங்குங்கள் என்றார்கள். எத்தியோப்பிய அறிவுசார் சொத்து அலுவலகம் முடியாது என்றது. மலைச்சரிவுகளில் சிதறிக்கிடக்கிற லட்சக்கணக்கான குடும்பங்களின் துண்டு நிலங்களை யார் போய்ச் சோதிப்பது, அந்தச் செலவை யார் தலையில் கட்டுவது என்று கேட்டது. பதிலாக 2005-இல் அந்தப் பெயர்களை அமெரிக்காவில் அரசின் டிரேட்மார்க்காகப் பதிவு செய்ய விண்ணப்பித்தது. அமெரிக்கக் காபி வணிகர் சங்கம் ஆட்சேபித்தது. ஸ்டார்பக்ஸ் காபி நிறுவனத்தோடு பெரிய இழுபறி, 2006-இல் ஆக்ஸ்ஃபாம் தொண்டு நிறுவனத்தின் பிரச்சாரம், 2007-இல் உடன்பாடு. உரிமம் இலவசம், ஆனால் பெயர் யாருடையது என்பதை ஒத்துக்கொண்டு கையெழுத்துப் போட வேண்டும். காபி விலையை அந்த ஒரு கையெழுத்து மாற்றிவிடவில்லை, அது வேறு சண்டை. ஆனாலும், தன்னால் சோதிக்க முடியாத ஒன்றை எழுதிக் கையெழுத்துப் போட மறுத்த ஒரு அரசு அலுவலகம் என்றால் எனக்குத் தனி மரியாதை.

அதே காலத்தில் கொலம்பியா எதிர்த்திசையில் போய் ஜெயித்தது என்பதையும் சொல்ல வேண்டும். 2007-இல் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து அங்கே பதிவான முதல் வேளாண் பொருள் கொலம்பியக் காபி. அவர்களால் எப்படி முடிந்தது? 1927 முதல் காபி விவசாயிகள் கூட்டமைப்பு இருக்கிறது. கிராமத்துக்குப் போய் ஆலோசனை சொல்ல ஆள், கொள்முதல் நிலையம், ஏற்றுமதிச் சோதனை, ஆராய்ச்சி நிலையம் எல்லாம் முன்பே தயார். குறியீடு வந்தபோது ஆய்வாளரைப் புதிதாகத் தேட வேண்டியிருக்கவில்லை.

இங்கேதான் நான் சொன்ன நான்காவது விஷயம். இந்திய விண்ணப்பப் படிவத்தில் ஆய்வு அமைப்பு என்று ஒரு இடம் இருக்கிறது. அதில் பெரும்பாலும் என்ன எழுதியிருக்கும் தெரியுமா? ஒரு குழு. மாவட்ட நிர்வாகத்திலிருந்து ஒருவர், துறையிலிருந்து ஒருவர், பல்கலைக்கழகத்திலிருந்து ஒருவர், சங்கத் தலைவர். பதவிகளை எழுதிவிட்டால் போதும், கூடுவார்களா என்று யாரும் கேட்பதில்லை. விண்ணப்பம் போன கையோடு அந்தக் குழு மறந்துபோகும். யார் வண்டி எடுத்துக்கொண்டு போய்ப் பார்ப்பது, டீசலுக்கு எந்தத் தலைப்பில் பணம், தப்புக் கண்டுபிடித்தால் எந்தத் தாளில் எழுதுவது என்று ஒரு வரி இருக்காது. நான் தயார் செய்கிற கோப்புகளில் அந்த வரியை எழுதாமல் மேலே அனுப்புவதில்லை என்று அடம் பிடிப்பேன். இதனால் சங்கத் தலைவர்கள் சிலருக்கு என்மேல் வருத்தம். 'அந்தத் தங்கச்சி வந்தா வேலை முடியாது' என்று சொல்வார்களாம்.

பதிவு ஆன பிறகும் ஒவ்வொரு உற்பத்தியாளரும் தனித்தனியாக அங்கீகரிக்கப்பட்ட பயன்பாட்டாளராகப் பதிவு செய்ய வேண்டும். பதிவேட்டில் ஏ பகுதி குறியீட்டுக்கு, பி பகுதி இவர்களுக்கு. ஏ பகுதியில் பெயர் வந்துவிட்டால் ஊரே பட்டாசு வெடிக்கும். பி பகுதி காற்றாடும். 2020-இல் விண்ணப்பக் கட்டணத்தை 500 ரூபாயிலிருந்து 10 ரூபாயாகக் குறைத்தார்கள். நல்ல காரியம். ஆனால் கட்டணத்துக்குப் பயந்து யாரும் நின்றிருக்கவில்லை. நெசவு செய்கிறவர் தன் பெயரில் எதையும் விற்பதில்லை. மாஸ்டர் நெசவாளர் நூல் கொடுக்கிறார், இவர் நெய்து கொடுத்துக் கூலி வாங்குகிறார். அவருக்கு லேபிள் எதற்கு? லேபிள் ஒட்டுகிறவர் கடைக்காரர்.

நெசவைப் பற்றிப் பேசும்போது அடிக்கடி வருகிற ஒரு குழப்பத்தையும் சொல்லிவிடுகிறேன். புவிசார் குறியீடு (ஜிஐ என்று சொல்வதும் இதைத்தான்) பெயரைத்தான் காக்கும். அந்தக் கரையை, அந்தப் புட்டாவை, அந்தத் தறி நுணுக்கத்தை அது காக்காது. வேறு ஊரில் விசைத்தறியில் அதே டிசைனை அச்சு அசலாக ஓட்டி, வேறு பெயரில் விற்றால் இந்தச் சட்டத்தில் குற்றமே இல்லை. 'டிசைனைத் திருடிட்டாங்க, ஜிஐ இருக்குல்ல, கேஸ் போடுங்க' என்று வருகிறவர்களிடம் இதை எடுத்துச் சொல்வதற்குள் எனக்குத் தொண்டை காய்ந்துவிடும்.

விலை ஏறிய பிறகு என்ன நடக்கும் என்பதையும் கோப்பு எழுதும்போதே யோசிக்க வேண்டும். கேமரூனின் பென்ஜா மிளகு, ஓகு வெள்ளைத் தேன் இரண்டும் 2013-இல் பதினேழு நாடுகளுக்குப் பொதுவான ஆப்பிரிக்க அறிவுசார் சொத்து அமைப்பில் பதிவாயின. பென்ஜா மிளகின் விலை எகிறியது, பயிரிடுகிறவர்கள் பெருகினார்கள், கூடவே வேறு ஊர் மிளகும் பென்ஜா பெயரில் சந்தைக்கு வந்தது. மொராக்கோவின் ஆர்கன் எண்ணெய் 2009-இல் பதிவு. கொட்டையைக் கல்லில் வைத்து உடைத்துப் பருப்பெடுப்பது பெண்கள். அவர்களின் கூட்டுறவுச் சங்கங்கள்தான் விளம்பரப் படங்களில் இருக்கும். எண்ணெய் விலை ஏறியபோது என்ன ஆனது என்று 2011-இல் வந்த ஓர் ஆய்வு பார்த்தது. சில குடும்பங்கள் பயனடைந்தன, பெண் குழந்தைகளின் படிப்பு கூடியது, நல்லது. அந்தப் பணத்தில் குடும்பங்கள் வாங்கியது ஆடு. ஆடு ஏறி மேய்வது அதே ஆர்கன் மரத்தில். காட்டைக் காப்பாற்றப் போகிறோம் என்று எழுதின ஆவணங்களில் ஆட்டைப் பற்றி இன்னும் நாலு வரி இருந்திருக்கலாம்.

தென்னாப்பிரிக்காவின் ரூய்போஸ் என்ற மூலிகைத் தேநீரின் கதையில் வேறு ஒரு பாடம் உண்டு. 1994-இல் ஓர் அமெரிக்க நிறுவனம் அந்தப் பெயரைத் தன் டிரேட்மார்க்காகப் பதிவு செய்துகொண்டது. அதிலிருந்து வெளியே வரப் பத்து வருஷத்துக்கும் மேல், 2005 வரை, இழுத்தது. 2021-இல் ஐரோப்பிய ஒன்றியத்தில் தோற்றப் பெயராகப் பதிவு. பெயர் பத்திரம். ஆனால் அந்தச் செடியின் பயனை முதலில் அறிந்தவர்கள் அந்த நாட்டுப் பூர்வகுடிகளான கோய், சான் மக்கள். விளைநிலம் பெரும்பாலும் வெள்ளையர் பண்ணைகளில். இந்த அநீதியைக் குறியீடு தொடவில்லை, தொடவும் முடியாது. பண்ணை வாசலில் கொடுக்கிற விலையில் 1.5 விழுக்காட்டை அந்த மக்களுக்குக் கொடுக்க வேண்டும் என்ற 2019 உடன்பாடு வந்தது பல்லுயிர்ச் சட்டத்தின் வழியாக. இரண்டும் வேறு வேறு சட்டம், வேறு வேறு மேசை. யாராவது என்னிடம் 'பாரம்பரிய அறிவுக்கு ஜிஐ போதும்' என்றால் இதைத்தான் காட்டுவேன்.

டார்ஜிலிங்கிலும் இதே கேள்வி, வேறு உருவத்தில். 87 தோட்டங்கள், வரையறை துல்லியம், தேயிலை வாரியமே பதிவு பெற்ற உரிமையாளர், 2011-இல் ஐரோப்பிய ஒன்றியப் பதிவும் ஆயிற்று. கோப்பு என்ற வகையில் குறை சொல்ல இடமில்லை, நான் புதிதாக வருகிறவர்களுக்கு மாதிரியாகக் கொடுப்பதே அதைத்தான். ஆனால் இலை கிள்ளுகிற பெண்ணுக்குத் தினக்கூலி. அந்தத் தேயிலை லண்டனில் என்ன விலைக்குப் போனாலும் கூலிச் சீட்டில் குறியீட்டுக்கென்று ஒரு வரி கிடையாது. கூலியை முடிவு செய்வது பேச்சுவார்த்தை மேசை. அங்கே இந்தச் சான்றிதழை யாரும் எடுத்து வைப்பதில்லை.

'எங்க பொருளுக்கும் வாங்கித் தாங்க' என்று வருகிறவர்களிடம் நான் முதலில் வரலாறு கேட்பதில்லை. இந்தப் பெயரைப் போட்டு வேறு யாராவது ஏமாற்றி விற்கிறார்களா என்று கேட்பேன். யாரும் ஏமாற்றவில்லை என்றால், அந்தப் பெயருக்கு இன்னும் சந்தையில் மதிப்பு வரவில்லை என்று அர்த்தம். வேலி போட உள்ளே பயிர் வேண்டுமே. அடுத்து, உறுப்பினர் பட்டியல் இருக்கிறதா, பெண்கள் பெயர் அதில் உண்டா, கூலிக்குச் செய்கிறவர்கள் உண்டா என்று பார்ப்பேன். பட்டியல் இல்லாமல் வந்தவர்களை நோட்டுப் புத்தகம் வாங்கிக்கொண்டு திரும்பிப் போகச் சொல்வது வழக்கம். கோபித்துக்கொண்டு வேறு ஆளிடம் போனவர்கள் உண்டு, அவர்களுக்குச் சான்றிதழும் சீக்கிரமே வந்தது.

இப்போது நான் கண்கொத்திப் பாம்பாகப் பார்த்துக்கொண்டிருப்பது இலங்கைக் கறுவா, அதாவது இலவங்கப்பட்டை. 'சிலோன் சினமன்' 2022 பிப்ரவரியில் ஐரோப்பிய ஒன்றியத்தில் பதிவானது, அந்த நாட்டின் முதல் புவிசார் குறியீடு அது. வெட்டிய கிளையின் மேல்தோலைச் சுரண்டி, பித்தளைக் கோலால் தேய்த்து இளக்கி, உட்பட்டையை முழுசாகக் கழற்றி, ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகிக் குழலாக நீட்டுவார்கள். எந்திரம் அதைச் செய்வதில்லை. தேர்ந்த கைகள் வேண்டும், அந்தக் கைகள் குறைந்துகொண்டே வருகின்றன. எனக்கு இதில் ஆர்வம் வந்த காரணம் கூலி முறை. உரிக்கிறவருக்குப் பல இடங்களில் நாட்கூலி கிடையாது, உரித்த பட்டையின் மதிப்பில் ஒரு பங்கு. அதாவது ஏற்றுமதி விலை கூடினால், யாரும் மனு கொடுக்காமலே, அவர் பங்கும் கூட வேண்டும். டார்ஜிலிங்கில் இல்லாத ஒரு குழாய் இங்கே முன்பே பதிக்கப்பட்டிருக்கிறது. விலை ஏற ஏற தோட்டக்காரர்கள் அந்தப் பங்கு முறையை அப்படியே வைத்திருப்பார்களா, நாட்கூலிக்கு மாற்றுவார்களா என்பதைத்தான் அடுத்த சில வருஷங்கள் பார்க்கப்போகிறேன். அந்தப் பக்கம் கறுவாத் தோட்டத்தில் வேலை செய்கிறவர்களோ, வாங்கி விற்கிறவர்களோ இதைப் படித்தால், பங்கு இப்போது எப்படிப் பிரிகிறது என்று எழுதுங்கள்.